வாக்குரிமை இல்லாதவர்கள் எடுத்த கணக்கு

1895ஆம் ஆண்டு அமெரிக்காவில் இரண்டு நூல்கள் வெளிவந்தன. இரண்டும் சிக்காகோவில் வாழ்ந்த பெண்களின் உழைப்பு. ஏழைகள் நெருக்கமாகக் குடியிருந்த ஒரு பகுதியை வீடு வீடாக வரைந்து, எந்த வீட்டில் எந்த நாட்டிலிருந்து வந்தவர்கள் இருக்கிறார்கள், அந்தக் குடும்பத்தின் வார வருமானம் எவ்வளவு என்பதை நிறம் பூசிக் காட்டியது ஒன்று. பெயர் ‘ஹல் ஹவுஸ் வரைபடங்களும் கட்டுரைகளும்’. மற்றையது ‘சிவப்புப் பதிவேடு’. வெள்ளையர் கும்பல்களால் தூக்கிலிடப்பட்டும் சுடப்பட்டும் எரிக்கப்பட்டும் இறந்த கறுப்பினத்தவர்களின் பெயர், திகதி, இடம், அவர்கள் மீது சுமத்தப்பட்ட குற்றம் ஆகியவற்றை அது வரிசைப்படுத்தியது. அந்த நூல்களை ஆக்கிய பெண்களில் ஒருவருக்குக்கூட அப்போது தங்கள் நாட்டின் ஜனாதிபதியைத் தெரிவுசெய்ய வாக்கு இருக்கவில்லை.

அமெரிக்கப் பெண்களின் வாக்குரிமைப் போராட்டம் தமிழில் எழுதப்படும்போது ஊர்வலம், உண்ணாவிரதம், சிறை, பிறகு 1920இல் வெற்றி என்ற வரிசையில்தான் பெரும்பாலும் எழுதப்படுகிறது. அது பிழையான வரிசை அல்ல. ஆனால், வாக்கு கிடைப்பதற்கு முந்திய முப்பது நாற்பது வருடங்களில் பட்டம் பெற்ற பெண்கள் என்ன தொழில் செய்தார்கள், எப்படிச் சீவித்தார்கள், பொதுவாழ்வில் எந்தக் கதவால் நுழைந்தார்கள் என்ற கேள்விக்கு அதில் பதில் இல்லை. நான் தேடிப் படித்த வரையில் ஒரு விடயம் திரும்பத் திரும்ப வருகிறது. அரசாங்கம் எண்ண விரும்பாதவற்றை அவர்கள் எண்ணினார்கள். இறந்தவர்களை, விதவைகளுக்குக் கிடைத்த பணத்தை, தொழிற்சாலையில் நிற்கும் பிள்ளைகளை, ஒரு வயதாகும் முன் இறக்கும் குழந்தைகளை.

வன்னியில் செய்தி சேகரிக்கப் போகும் வீடுகளில் ஒரு பொலித்தீன் பை வரும். அதற்குள் முறைப்பாட்டுப் பிரதிகள், ஆணைக்குழுக்களுக்குக் கொடுத்த கடிதங்கள், ஒரு புகைப்படம். அந்தப் பையை வைத்திருப்பவர்களுக்குக் கணக்கெடுப்பது ஏன் அரசியல் என்று நான் விளக்கத் தேவையில்லை. அதனால் நேரே விடயத்துக்குப் போகிறேன்.

பட்டம் இருந்தது, கதவு இருக்கவில்லை

1870இல் அமெரிக்க உயர்கல்வி நிறுவனங்களில் சுமார் 11,000 பெண்கள் படித்தார்கள். 1920இல் அந்தத் தொகை ஏறத்தாழ 283,000. அதாவது மாணவர்களில் கிட்டத்தட்டப் பாதிப்பேர். வாசர், ஸ்மித், வெல்ஸ்லி, பிரின் மோர் போன்ற பெண்கள் கல்லூரிகள் வளர்ந்தன. கோர்னெல், மிச்சிகன் போன்ற பல்கலைக்கழகங்கள் ஆண்களோடு பெண்களையும் சேர்த்தன.

எதிர்ப்பு விஞ்ஞானத்தின் பெயரால் வந்தது. 1873இல் எட்வேர்ட் கிளார்க் என்ற பொஸ்டன் மருத்துவர், உயர்கல்வியின் சுமை பெண்களின் கருப்பையைப் பாதிக்கும் என்று ஒரு நூல் எழுதினார். அது பல பதிப்புகள் கண்டது. பெண் பட்டதாரிகளின் சங்கம் அதற்குப் பதிலாகக் கண்டன அறிக்கை மட்டும் விட்டுவிட்டு இருந்துவிடவில்லை. வினாக்கொத்து ஒன்றைத் தயாரித்துத் தங்கள் உறுப்பினர்களுக்கு அனுப்பியது. 705 பட்டதாரிகள் தந்த விடைகளை மசசூசெற்ஸ் மாநிலத்தின் தொழில் புள்ளிவிபரப் பணியகம் 1885இல் வெளியிட்டது. பெரும்பாலானோர் நல்ல உடல்நலத்துடன் இருந்தார்கள். மருத்துவர் கையில் சில நோயாளிகளின் கதைதான் இருந்தது, பெண்கள் கையில் 705 விடைகள் இருந்தன. பின்னால் வந்த பல வேலைகளின் முறை இங்கேயே தொடங்கிவிட்டதாக எனக்குப் படுகிறது.

பட்டம் பெற்றபின் என்ன? பள்ளிக்கூட ஆசிரியை ஆகலாம். ஆனால் பல இடங்களில் திருமணம் முடித்தால் வேலை போய்விடும். சட்டத் தொழிலைப் பொறுத்தவரை, மைரா பிராட்வெல் என்ற பெண்ணுக்கு வழக்கறிஞர் அனுமதி மறுத்தது சரியே என்று 1873இல் அமெரிக்க உயர்நீதிமன்றமே தீர்ப்பளித்திருந்தது. மருத்துவம் படித்த பெண்களைப் பல வைத்தியசாலைகள் பயிற்சிக்கு எடுக்கவில்லை. மிஷன் வேலையாகக் கடல் கடப்பது இன்னொரு வழி. உடுவிலில் 1824இல் பெண்களுக்கான விடுதிப் பாடசாலையைத் தொடங்கியது அமெரிக்க மிஷன். 1840இல் வந்து சுமார் 40 வருடங்கள் அதை நடத்திய எலைசா அக்னியூ தன் நாட்டுக்குத் திரும்பவே இல்லை, மானிப்பாயில் இறந்தார். ஒரு பெண் தலைமை வகிக்கக்கூடிய நிறுவனம் அவருடைய ஊரில் கிடைத்திருக்குமா என்பது நியாயமான கேள்வி.

ஊரிலேயே நின்றவர்கள் தங்களுக்கான இடத்தைத் தாங்களே உருவாக்கினார்கள். 1889இல் ஜேன் அடம்ஸும் எலன் கேற்ஸ் ஸ்டாரும் சிக்காகோவின் மேற்குப் புறத்தில் ஒரு பழைய வீட்டை எடுத்துத் தொடங்கிய ஹல் ஹவுஸ் அவற்றில் பிரபலமானது. இத்தாலியர், யூதர், பொஹீமியர் என்று புதிதாக வந்திறங்கிய தொழிலாளர்கள் நிறைந்த வட்டாரம் அது. படித்த பெண்கள் அங்கே போய்த் தங்கி, பாலர் பாடசாலை, இரவு வகுப்பு, சனசமூக நிலையம் என்று நடத்தினார்கள். ஏழைகளுக்கு உதவுவது வெளியே தெரிந்த நோக்கம். படித்த பெண்ணுக்கு ஒரு அறை, ஒரு மேசை, பேச ஆட்கள், சில வேளைகளில் ஒரு சம்பளம் என்பது அவ்வளவாகப் பேசப்படாத பயன்.

தொழிற்சாலைப் பரிசோதகர்

புளோரன்ஸ் கெலி 1891இன் இறுதியில் அந்த வீட்டுக் கதவைத் தட்டியபோது அவருக்கு 32 வயது. கோர்னெல் பட்டதாரி, தகப்பன் காங்கிரஸ் உறுப்பினர். பென்சில்வேனியாப் பல்கலைக்கழகம் பெண் என்பதால் மேற்படிப்புக்கு எடுக்காததால் சூரிச் போனவர். அங்கே சோசலிசவாதியானார். ஏங்கெல்ஸ் இங்கிலாந்துத் தொழிலாளர் நிலை பற்றி எழுதிய நூலை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார், ஒரு ரஷ்ய மருத்துவரை மணந்தார். கணவனின் வன்முறையிலிருந்து தப்பி மூன்று பிள்ளைகளோடுதான் சிக்காகோ வந்தார். பிள்ளைகளை நகரத்துக்கு வெளியே நண்பர் ஒருவரின் குடும்பத்தில் வளரவிட்டு, தான் ஹல் ஹவுஸில் தங்கி வேலை செய்தார். குடும்பத்தைத் தனியே தாங்கும் பெண்கள் இதை வாசித்தால் அந்த ஏற்பாட்டின் வலி உடனே விளங்கும். அவரைப் பற்றிய புகழுரைகள் பல அதை ஒரு வரியில் தாண்டிப் போகின்றன.

ஆடைத் தொழில் அப்போது வீடுகளுக்குள் நடந்தது. நிறுவனம் வெட்டிய துணியை இடைத்தரகர் எடுத்துப் போய், இருட்டு அறைகளில் இருக்கும் குடும்பங்களிடம் துண்டுக்கு இவ்வளவு என்று தைக்கக் கொடுப்பார். கெலி அந்த அறைகளைப் பார்த்து மாநிலத் தொழில் பணியகத்துக்கு அறிக்கை எழுதினார். 1893இல் மத்திய அரசின் சேரிகள் பற்றிய ஆய்வுக்குச் சிக்காகோவில் பொறுப்பாக இருந்தவரும் அவரே. ஹல் ஹவுஸுக்குக் கிழக்கே சதுர மைலில் மூன்றிலொரு பங்கு அளவான இடத்தில் வீடு வீடாகக் கணக்கெடுத்தார்கள். 18 நாட்டினர் அங்கே இருந்தார்கள். அந்தத் தரவைத்தான் ஹல் ஹவுஸ் பெண்கள் பிரதியெடுத்து வரைபடமாக்கினார்கள். வாரத்துக்கு 5 டொலர் அல்லது அதற்குக் குறைவாக உழைக்கும் குடும்பங்கள் கறுப்பு நிறத்தில். அட்டவணையில் வாசித்தால் மறந்துபோகும் ஒன்றை, தெருவின் இரு பக்கமும் கறுப்பாகிக் கிடக்கும் படம் மறக்க விடாது.

அதே 1893இல் இலினோய் மாநிலம் ஒரு தொழிற்சாலைச் சட்டம் இயற்றியது. 14 வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் தொழிற்சாலையில் வேலை செய்யக்கூடாது, பெண்களுக்கு நாளொன்றுக்கு எட்டு மணித்தியாலம். ஆளுநர் ஓல்ட்கெல்ட் கெலியையே பிரதான பரிசோதகராக நியமித்தார். அவருக்குக் கீழே பதினொரு பேர், ஆண்டுக்கு 12,000 டொலர். வாக்கில்லாத ஒரு பெண் மாநிலத்தின் சட்டத்தை முதலாளிகள் மேல் அமுல்படுத்தும் அதிகாரியானார்.

ஒரு சம்பவத்தை அவரே பின்னாளில் எழுதியிருக்கிறார். படச் சட்டங்களுக்குப் பொன்முலாம் பூசும் வேலையில் நச்சுத் திரவம் பட்டு 11 வயதுச் சிறுவன் ஒருவனுடைய வலது கை செயலிழந்தது. வழக்குத் தொடரும்படி அரச சட்டத்தரணியிடம் போனார். அவர் அந்த வழக்கை எடுக்கவே விரும்பவில்லை. கெலி மறுநாள் போய் நோர்த்வெஸ்டேர்ன் பல்கலைக்கழகச் சட்டக் கல்லூரியில் பதிவு செய்தார். பகலில் பரிசோதனை, இரவில் படிப்பு. பட்டம் பெற்று, தன் வழக்குகளைத் தானே கையாளும் தகுதியோடு நின்றார்.

1895இல் மாநில உயர்நீதிமன்றம் எட்டு மணித்தியாலப் பிரிவைத் தூக்கியெறிந்தது. பெண்ணுக்கு எத்தனை மணித்தியாலமும் உழைக்க ஒப்பந்தம் செய்யும் சுதந்திரம் இருக்கிறதாம். வாக்குப் போட இல்லாத சுதந்திரம் பதினான்கு மணித்தியாலம் தைப்பதற்கு இருந்தது. 1897இல் ஆளுநர் மாறியதும் கெலியின் பதவியும் போயிற்று. 1899இல் நியூயோர்க் போய் தேசிய நுகர்வோர் கழகத்தின் செயலாளராகி, 1932இல் இறக்கும் வரை அந்த வேலையில் இருந்தார்.

பத்திரிகைக்காரி

ஊடகக் கற்கை படித்த எனக்கு, புலனாய்வு ஊடகவியலின் தொடக்கம் என்று சில ஆண்களின் பெயர்கள்தான் சொல்லித் தரப்பட்டன. ஐடா பி. வெல்ஸ் என்ற பெயரை நான் தற்செயலாகத்தான் பிறகு கண்டேன். அது எனக்கு இன்றைக்கும் கோபம்.

1862இல் மிசிசிப்பியின் ஹொலி ஸ்பிரிங்ஸில் அடிமையாகப் பிறந்தவர். 16 வயதில் மஞ்சள் காய்ச்சல் பெற்றோரைக் கொண்டுபோனது. தம்பி தங்கைகளைப் பிரித்து வேறு வேறு வீடுகளுக்குக் கொடுக்கப் போவதாக உறவினரும் ஊரவரும் பேசியபோது, இல்லை, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லி ஆசிரியையானார். கல்லூரிப் படிப்பு முழுமையடையவில்லை, விடுமுறை வகுப்புகளில் தொடர்ந்தார். பெண்கள் பெட்டியிலிருந்து தன்னை இழுத்து இறக்கிய ரயில் கம்பனி மீது வழக்குப் போட்டு 1884இல் 500 டொலர் வென்றார், 1887இல் ரெனசி மாநில உயர்நீதிமன்றம் அதைப் பறித்தது. கறுப்பினப் பிள்ளைகளின் பாடசாலைகளுடைய நிலைமை பற்றிப் பத்திரிகையில் எழுதியதால் ஆசிரியை வேலையும் 1891இல் போனது. அதன்பின் மெம்பிஸ் நகரத்தில் தான் பங்குதாரராக இருந்த ‘ஃப்ரீ ஸ்பீச்’ பத்திரிகையே முழுநேரத் தொழில்.

1892 மார்ச்சில் அவருடைய நண்பர் தோமஸ் மொஸ்ஸும், கல்வின் மக்டவல், வில் ஸ்டுவர்ட் என்ற இருவரும் சிறையிலிருந்து இழுத்துச் செல்லப்பட்டுச் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவர்கள் நடத்திய பலசரக்குக் கடை, பக்கத்திலிருந்த வெள்ளையரின் கடைக்குப் போட்டியாக இருந்தது. அதுவரை வெல்ஸும் மற்றவர்களைப் போல, கும்பல் கொலைக்கு ஆளானவர்கள் ஏதோ பாலியல் குற்றம் செய்திருப்பார்கள் என்றுதான் ஓரளவு நம்பியிருந்தார். தோமஸ் மொஸ் எப்படிப்பட்டவர் என்று அவருக்குத் தெரியும். அங்கிருந்துதான் விசாரணை தொடங்குகிறது. சம்பவம் நடந்த இடங்களுக்குப் போனார், சாட்சிகளோடு பேசினார். மே மாதத்தில் அவர் வெளியூரில் இருந்தபோது பத்திரிகை அலுவலகம் அடித்து நொறுக்கப்பட்டது. திரும்பி வந்தால் கொலை என்று சொல்லப்பட்டது. முதலில் நியூயோர்க், பிறகு சிக்காகோ.

‘சிவப்புப் பதிவேடு’ எழுதியபோது அவர் எடுத்த முக்கியமான முடிவு, தன் சொந்த எண்ணிக்கையைப் பயன்படுத்தாததுதான். வெள்ளையரின் பத்திரிகையான ‘சிக்காகோ ட்ரிபியூன்’ ஆண்டுதோறும் வெளியிட்ட பட்டியலையே எடுத்தார். கறுப்பினப் பெண் ஒருத்தி மிகைப்படுத்துகிறாள் என்று யாரும் சொல்ல முடியாது. 1892இல் 241 பேர் இப்படிக் கொல்லப்பட்டிருந்தார்கள், அவர்களில் 160 பேர் கறுப்பினத்தவர். அவற்றைச் சாட்டப்பட்ட குற்றத்தின்படி பிரித்தார். பாலியல் வல்லுறவு என்ற குற்றச்சாட்டே மூன்றிலொரு பங்கு கொலைகளில்தான் இருந்தது. மற்றவை கொலை, கொள்ளை, தீ வைத்தல், வெள்ளையரை மதிக்காமை. சிலவற்றில் குற்றச்சாட்டே இல்லை. ‘எங்கள் பெண்களைப் பாதுகாக்கிறோம்’ என்ற தென்மாநிலங்களின் நியாயம், அவர்களுடைய பத்திரிகைகளே தந்த எண்களால் உடைந்தது.

பெயர் இல்லாத எண்ணிக்கையை அவர் நம்பவில்லை. பட்டியலில் பெயர் இருக்கும், ஊர் இருக்கும், திகதி இருக்கும். பெயர் தெரியாதவருக்கு ‘பெயர் தெரியாத கறுப்பினத்தவர்’ என்று ஒரு வரி. எங்களுக்கு 40,000, 70,000, ஒரு இலட்சத்துக்கு மேல் என்று எண்கள் மோதிக்கொள்வது பழக்கமானது. எண்ணைச் சுற்றி நடக்கும் சண்டையில் ஆட்கள் காணாமல் போவதும் பழக்கமானது. வெல்ஸ் அதை எதிர்பார்த்தே எழுதியது போல இருக்கும்.

ஹல் ஹவுஸ் பெண்களுக்கும் வெல்ஸுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. கெலியும் தோழிகளும் எண்ணியது மற்றவர்களை. இத்தாலியத் தாயிடம் சம்பளத்தைக் கேட்டு எழுதி, வீட்டின் மேல் நிறம் பூசிப் புத்தகமாக்கும்போது, அந்தத் தாயிடம் அனுமதி கேட்கப்பட்டதா என்பது எங்கும் பெரிதாகப் பேசப்படவில்லை. போருக்குப் பிறகு எத்தனை படிவங்களை நாங்கள் நிரப்பிக் கொடுத்திருப்போம், அவை எங்கே போயின? வெல்ஸ் எண்ணியது தன் நண்பர்களை, தன் சனங்களை. அதனால் தன் உயிரையும் பணயம் வைத்தே எண்ணினார்.

1919இல் ஆர்கன்சோ மாநிலத்தின் எலெய்ன் பகுதியில் கறுப்பினப் பருத்தி விவசாயிகள் கொன்று குவிக்கப்பட்டார்கள். வழக்கு வந்தபோது கொலைக் குற்றத்துக்காக மரண தண்டனை பெற்றவர்களும் கறுப்பினத்தவர்களே, 12 பேர். வெல்ஸ் அங்கே போனார். கைதிகளின் மனைவிமாரும் தாய்மாரும் சிறைக்குப் போகும்போது, தானும் உறவுக்காரியாக அவர்களோடு உள்ளே போனார். சிறைக் காவலர்கள் கவனிக்கவில்லை. என்ன நடந்தது என்பதோடு, ஒவ்வொருவரும் எத்தனை ஏக்கர் பருத்தி, எவ்வளவு சோளம், என்ன பொருட்கள் இழந்தார்கள் என்றும் கேட்டு எழுதினார். ஆட்களைக் கொன்றது அறுவடையைப் பறிக்கத்தான் என்பது அவருடைய வாதம். 1920இல் அதைச் சிறு நூலாக வெளியிட்டார். கறுப்பினச் சட்டத்தரணிகளும் அமைப்புகளும் நடத்திய நீண்ட வழக்கின் முடிவில் அந்தப் பன்னிரண்டு பேரில் எவருக்கும் மரண தண்டனை நிறைவேற்றப்படவில்லை.

526 இறப்புகள்

கிறிஸ்ரல் ஈஸ்ற்மன் வாசர் கல்லூரிப் பட்டதாரி, சமூகவியலில் முதுமாணி, நியூயோர்க்கில் சட்டம் படித்தவர். பெண் சட்டத்தரணிக்கு வேலை தருவார் இல்லை. 1907இல் இரும்பாலை நகரமான பிற்ஸ்பேர்க்கைப் பற்றிய பெரிய ஆய்வொன்றில் சேர்ந்தார். அந்த மாவட்டத்தில் 1906 ஜூலையிலிருந்து ஒரு வருடத்தில் வேலைத்தளத்தில் இறந்தவர்கள் 526 பேர். மரண விசாரணை அதிகாரியின் பதிவுகளை எடுத்துக்கொண்டு அவர் ஒவ்வொரு வீடாகப் போனார்.

வேலையாளின் கவனக்குறைவால்தான் விபத்து என்று ஆலை மேற்பார்வையாளர்கள் சொல்லிவந்தார்கள். சட்டமும் அப்படித்தான். சக தொழிலாளி ஒருவரின் பிழையால் இறந்தாலும் முதலாளிக்குப் பொறுப்பில்லை. வேலைக்குச் சேர்ந்ததே ஆபத்தை ஏற்றுக்கொண்டதாக அர்த்தம். ஈஸ்ற்மன் ஒவ்வொரு இறப்பின் காரணத்தையும் பிரித்துக் காட்டியபோது அந்தக் கதை நிற்கவில்லை. பிறகு இன்னொரு கேள்வி கேட்டார்: குடும்பத்துக்கு என்ன கிடைத்தது? மணமாகி இறந்தவர்களின் குடும்பங்களில் பாதிக்கும் மேற்பட்டவற்றுக்குக் கம்பனி கொடுத்தது 100 டொலர் அல்லது அதற்கும் குறைவு. ஒன்றுமே கிடைக்காதவர்களும் அதற்குள் அடக்கம். ஒரு இரும்புத் தொழிலாளியின் உயிருக்குச் சவ அடக்கச் செலவு.

1910இல் அவருடைய நூல் வந்தது. அதற்குள் நியூயோர்க் மாநிலம் அமைத்த ஆணைக்குழுவில் ஒரே பெண்ணாக அவர் நியமிக்கப்பட்டிருந்தார். தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம் நியூயோர்க்கில் அந்த ஆண்டே நிறைவேறியது. நீதிமன்றம் மறுவருடம் அதை ரத்துச் செய்தது, மாநிலத்தின் அரசியலமைப்பைத் திருத்தி மீண்டும் கொண்டுவந்தார்கள்.

மருத்துவர் அலிஸ் ஹமில்ற்றன் செய்ததும் இதே வகை வேலை. 1910இல் இலினோய் மாநிலத்துக்காக ஈய நஞ்சு பற்றி விசாரித்தபோது தொழிற்சாலைகள் நோயாளிகள் இல்லை என்றன. அவர் வைத்தியசாலைப் பதிவேடுகளையும் மருந்துக்கடைகளையும் மதுக்கடைகளையும் தொழிலாளரின் வீடுகளையும் தேடிப் போனார். நஷனல் லெட் கம்பனியின் கோர்னிஷ் என்பவர், என் ஆட்களுக்கு நஞ்சேறவில்லை, நிரூபியுங்கள் என்றார். 22 பேரின் மருத்துவப் பதிவுகளைக் கொண்டுபோய் வைத்தார். அந்த மனிதர் சொன்ன சொல்லைக் காப்பாற்றித் தூசியையும் புகையையும் கட்டுப்படுத்தும் ஏற்பாடுகளைச் செய்தார். இப்படி நடப்பது அபூர்வம் என்பதாலேயே குறிப்பிடுகிறேன். 1919இல் ஹாவர்ட் பல்கலைக்கழகம் அவரை எடுத்தது. அங்கே முதல் பெண் விரிவுரையாளர். நிபந்தனைகள் மூன்று: ஆசிரியர் கழகத்துக்குள் வரக்கூடாது, பட்டமளிப்பு ஊர்வலத்தில் நடக்கக்கூடாது, கால்பந்தாட்ட டிக்கெட் கேட்கக்கூடாது. 1935இல் ஓய்வுபெறும் வரை பதவி உயர்வும் இல்லை.

ஜூலியா லத்ரோப் 1912இல் மத்திய அரசின் பிள்ளைகள் பணியகத்துக்குத் தலைவியானார். ஆண்டுக்கு 25,640 டொலர், 15 பேர். நாட்டில் எத்தனை குழந்தைகள் பிறக்கின்றன என்றே அரசுக்குத் தெரியாது. பெண்கள் கழகங்களின் தொண்டர்கள் வீடு வீடாகப் போய், பிறந்த பிள்ளை பதியப்பட்டிருக்கிறதா என்று சரிபார்த்தார்கள். பென்சில்வேனியாவின் ஜோன்ஸ்ரவுன் நகரத்தில் 1911இல் பிறந்த குழந்தைகளைத் தேடிப் போய்ப் பேசியபோது, தகப்பனின் சம்பளம் குறையக் குறையக் குழந்தை இறப்பு கூடியது தெரிந்தது. அதுவரை தாயின் அறியாமைதான் காரணம் என்று சொல்லப்பட்டு வந்தது.

வாக்கு வந்தபோது

1913 மார்ச் 3, வில்சன் ஜனாதிபதியாகப் பதவியேற்பதற்கு முதல் நாள், வொஷிங்டனில் ஆயிரக்கணக்கான பெண்கள் வாக்குரிமை கேட்டு ஊர்வலம் போனார்கள். இலினோய்க் குழுவோடு போன வெல்ஸிடம், தென்மாநிலத்தவர் கோபிப்பார்கள், கறுப்பினப் பெண்களோடு பின்னால் நடக்கச் சொன்னார்கள். அவர் ஒதுங்கிவிட்டார். ஊர்வலம் நகரத் தொடங்கியபின் கூட்டத்திலிருந்து இறங்கி வந்து தன் மாநிலக் குழுவின் நடுவே நடந்தார். அவ்வாண்டு இலினோய்ப் பெண்களுக்கு ஜனாதிபதித் தேர்தலிலும் நகரசபைத் தேர்தலிலும் வாக்களிக்கும் உரிமை கிடைத்தது. வெல்ஸ் தொடங்கிய அல்பா வாக்குரிமைக் கழகம் கறுப்பினப் பெண்களை வீடு வீடாகப் பதிவு செய்தது. 1915இல் சிக்காகோ நகரசபைக்கு முதல் கறுப்பின உறுப்பினர் தெரிவானார்.

1920 ஓகஸ்ட்டில் 19ஆவது திருத்தம் நடைமுறைக்கு வந்தது. பெண்களின் வாக்குக்குப் பயந்த காங்கிரஸ், மறுவருடமே லத்ரோப் கேட்ட தாய்-சேய் நலச் சட்டத்தை நிறைவேற்றியது. பெண்கள் ஒரே கட்சியாக வாக்களிக்க மாட்டார்கள் என்று அரசியல்வாதிகளுக்கு விளங்கியதும், மருத்துவர் சங்கத்தின் எதிர்ப்பும் சேர, 1929இல் அதற்கான நிதியை நிறுத்திவிட்டார்கள். 1923இல் சம உரிமைத் திருத்தம் முன்வைக்கப்பட்டபோது ஈஸ்ற்மன் ஆதரித்தார், கெலி எதிர்த்தார். பெண்களுக்கென்று முப்பது வருடமாகப் போராடி எடுத்த வேலை நேரச் சட்டங்கள் சமத்துவத்தின் பெயரால் போய்விடும் என்பது கெலியின் பயம். இருவருமே நியாயமாகத்தான் பேசினார்கள் என்று நினைக்கிறேன்.

தென்மாநிலங்களில் கறுப்பினப் பெண்களுக்கு 1920 ஒன்றையும் மாற்றவில்லை. வாசிப்புப் பரீட்சை, தலைவரி, அடி உதை. நடைமுறையில் அவர்களுக்கு வாக்கு வந்தது 1965இல்.

இந்த இடத்தில் இலங்கையோடு ஒரு தொடர்பு இருக்கிறது. மேரி இரத்தினம் கனடாவில் பிறந்த மருத்துவர். அமெரிக்க மிஷனால் 1896இல் இலங்கைக்கு அனுப்பப்பட்டவர், தமிழர் ஒருவரை மணந்தவர். 1927இல் கொழும்பில் உருவான பெண்கள் வாக்குரிமைச் சங்கத்தில் முன்னின்றார், பின்னர் கொழும்பு மாநகர சபைக்குத் தெரிவான முதல் பெண்ணானார். அந்தச் சங்கத்தின் அக்னஸ் டி சில்வாவிடம் டொனமூர் ஆணைக்குழு, இந்தியத் தமிழ்த் தோட்டத் தொழிலாளப் பெண்களுக்கும் வாக்கு வேண்டுமா என்று கேட்டது. அவர்களும் பெண்கள்தானே, எல்லாருக்கும் வேண்டும் என்ற கருத்தில் அவர் பதில் சொன்னார். வொஷிங்டன் ஊர்வலத்தில் வெல்ஸுக்குச் சொல்லப்பட்டதோடு இதை வைத்துப் பார்க்கலாம். 1931இல் இலங்கையில் 21 வயதுப் பெண்களும் வாக்களித்தார்கள். மலையகத் தமிழருக்கு அந்த உரிமை ஆரம்பத்திலிருந்தே நிபந்தனைகளோடு வந்தது, 1948, 1949 சட்டங்களால் பறிபோனது.

வெல்ஸ் 1931 மார்ச்சில் சிக்காகோவில் இறந்தார். எழுதிக்கொண்டிருந்த சுயசரிதை நடுவாக்கியத்தில் நிற்கிறது. மகள் அதைப் பதிப்பித்து வெளியிட 1970 ஆகிவிட்டது. கும்பல் கொலையை மத்திய அரசின் சட்டப்படி குற்றமாக்கும் சட்டமூலம் 1922இல் பிரதிநிதிகள் சபையில் நிறைவேறி, செனற்றில் தென்மாநில உறுப்பினர்களால் தடுக்கப்பட்டது. பிறகும் பல தசாப்தங்களாகத் திரும்பத் திரும்பக் கொண்டுவரப்பட்டுத் தோற்றது. 2022 மார்ச் 29 அன்றுதான் ஜனாதிபதி பைடன் அப்படியொரு சட்டத்தில் கையெழுத்திட்டார். அந்த நிகழ்வில் பேசியவர்களில் வெல்ஸின் கொள்ளுப்பேத்தியும் ஒருவர்.